வளவுச் சுவரில் 18 சதுர அடி

ஆறடி நீளம், தரையிலிருந்து மூன்றடி உயரம். செட்டிநாட்டில், கானாடுகாத்தான் பக்கத்தில் இருக்கும் எங்கள் பொது வீட்டு வளவின், அதாவது தூண்கள் சூழ்ந்த உள்முற்றத்தின், கிழக்குச் சுவரில் பூச்சு பெயர்ந்திருந்த இடம் அவ்வளவுதான். அதைச் சரிசெய்ய மூன்று முயற்சியும் ஏழு மாதமும் ஆயின. போன வாரம் ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தேன். துணியில் வெள்ளை ஒட்டவில்லை. எதிரே இருக்கும் தூண் சுவருக்குள் மங்கலாகத் தெரிந்தது. பழைய சுண்ணாம்புப் பூச்சில் முகம் பார்த்துத் தலை வாரலாம் என்பார்கள். என் பூச்சில் அதெல்லாம் நடக்காது. ஆனாலும் எழுதிவைக்கிற அளவுக்கு வந்திருக்கிறது.

நான் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுப்பவன். கலவைகள் பாடத்துக்கு மேசையில் மூன்று தம்ளர் வைப்பேன்: உப்புத் தண்ணீர், பால், செம்மண் தண்ணீர். கரைசல், துகள் படியாத கூழ்மம், வைத்தால் படிந்துவிடும் தொங்கல். ஒரு பீரியடில் முடிந்துவிடும். காரைக்குடியில் 1953-இல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வேதியியலைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் அங்கேதான் போக வேண்டும் என்று பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். அந்த மூன்று தம்ளரும் ஒரே சுண்ணாம்பு டிரம்மில் இருப்பதும், எதை எங்கே பூசுவது என்று தெரியாததால்தான் இரண்டு முறை தோற்றேன் என்பதும் இந்தச் சுவரில்தான் புரிந்தது.

முதல் முயற்சி ஆவணியில். பத்து வருடத்துக்கு முன்னால் பங்காளிகள் சேர்ந்து அந்த இடத்தில் சிமெண்டு பூசியிருந்தோம். கீழிருந்து ஏறிய ஓதம் வெளியே வர வழியில்லாமல் சிமெண்டைப் பாளம் பாளமாகத் தள்ளிவிட்டது. அதைக் கொத்தி எடுத்துவிட்டு, கடையில் 25 கிலோ சுண்ணாம்புத் தூள் மூட்டை வாங்கி, மணல் சேர்த்து, சீக்கிரம் இறுகட்டுமே என்று கொஞ்சம் வெள்ளை சிமெண்டும் போட்டுப் பூசினேன். மூன்றாம் நாள் விரலால் தேய்த்தால் மாவாக உதிர்ந்தது. மூட்டை எத்தனை மாதம் கடையில் கிடந்ததோ, காற்றுப்பட்டு வீரியம் போன தூள். சுவரில் இறுக வேண்டியது சாக்கிலேயே இறுகி முடித்திருந்தது.

இரண்டாவது முயற்சியில் கல் சுண்ணாம்பாகவே 5 கிலோ வாங்கினேன். பிளாஸ்டிக் வாளியில் கல்லைப் போட்டு மேலே தண்ணீர் ஊற்றினேன். இரண்டுமே தப்பு. கொதித்துத் தெறித்தது, வாளியின் அடி இளகிக் கோணியது, முழங்கையில் இரண்டு இடத்தில் இன்னும் தழும்பு இருக்கிறது. தண்ணீரை முதலில் வைத்து, கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடி போடாமல் அந்தப் பக்கமே போகக் கூடாது. இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. ஆய்வகத்தில் அமிலத்துக்கு நான் சொல்லிக்கொடுக்கும் அதே விதிதான். வீட்டில் கை மறந்துவிட்டது.

இரண்டே நாள் ஊறவிட்டு, சலிக்காமல் பூசினேன். பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. மூன்று வாரம் கழித்துச் சுவர் அம்மை போட்ட மாதிரி ஆனது. குன்றிமணி அளவுக்குச் சின்னச் சின்னப் பள்ளங்கள், ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு வெள்ளைப் பொட்டு. 41 வரை எண்ணிவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

பக்கத்து ஊரில் எழுபது தாண்டிய கொத்தனார் ஒருவர் இருந்தார். அவரைக் கூட்டிவந்து காட்டினேன். நகத்தால் ஒரு பொட்டைச் சுரண்டிப் பார்த்தார்.

"தண்ணி குடிக்காத கல்லு உள்ள கெடக்கு சார். வாளியில குடிச்சிருக்க வேண்டியது, சொவத்துல போயி குடிக்குது. குடிச்சா ஊதத்தானே செய்யும்?"

பிறகு, "எத்தனை நாளு போட்டு வச்சீங்க?" என்றார். இரண்டு நாள் என்றேன். பதில் சொல்லாமல் வெற்றிலையை எடுத்து மடித்தார்.

மூன்றாவது முயற்சி கார்த்திகைக் கடைசியில் தொடங்கியது. 200 லிட்டர் இரும்பு டிரம்மைப் பாதியாக வெட்டி வாங்கினேன், 600 ரூபாய். 40 லிட்டர் தண்ணீர் ஊற்றி, 10 கிலோ கல் சுண்ணாம்பை எலுமிச்சை அளவுக்கு உடைத்து, ஒவ்வொரு கைக்கரண்டியாக இறக்கினேன். கிளற நீள மூங்கில். ஆய்வகத்து வெப்பமானியைக் கயிற்றில் கட்டிக் கல் கிடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் விட்டபோது 94 டிகிரி காட்டியது. கொத்தனார் இதைத் தாளிக்கிறது என்கிறார், பாடப்புத்தகத்தில் நீற்றுதல். சத்தத்தைக் கேட்டால் கொத்தனார் வார்த்தைதான் சரி.

மறுநாள் முழுவதையும் கலக்கிக் கொசுவலையில் ஒரு தடவை, பழைய வேட்டியில் ஒரு தடவை வடித்தேன். வலையில் தங்கிய கப்பியை எடை போட்டால் 700 கிராம். போன தடவை சுவரில் வெடித்ததெல்லாம் இந்தச் சரக்குதான்.

வடித்ததை அசையாமல் விட்டால் மேலே கண்ணாடி மாதிரித் தெளிந்த நீர், அடியில் வெண்ணெய் மாதிரிச் சாந்து. மூங்கிலை விட்டு ஒரு சுற்று சுற்றினால் மொத்தமும் சுண்ணாம்புப் பால். பள்ளிக்கூடத்துப் பேனா லேசரைக் கொண்டுவந்து சோதித்தேன். தெளிந்த நீரைக் கண்ணாடித் தம்ளரில் எடுத்து லேசரை விட்டால் உள்ளே கோடு தெரியவில்லை, எதிர்ப்பக்கச் சுவரில் மட்டும் சிவப்புப் புள்ளி. அது உண்மைக் கரைசல். சுண்ணாம்புப் பாலில் விட்டால் தம்ளர் முழுக்கச் சிவப்பாகி ஒளி அங்கேயே நின்றுவிடுகிறது. அது தொங்கல், மணிக்கணக்கில் வைத்தால் படிந்துவிடும். அடிச்சாந்துதான் பிடிகொடுக்கவில்லை. பாதி தொங்கல், பாதி கூழ்மம். நாளாக ஆகத் துகள்கள் இன்னும் நுண்மையாகிப் பசை கூடுகிறது. பத்தாம் நாள் விரலில் எடுத்தால் மாவுக் கரகரப்பு இருந்தது. 45-ஆம் நாள் தயிரை வழித்த மாதிரி வழுவழுப்பு. மேலே எப்போதும் நாலு விரல் தண்ணீர் நிற்க வேண்டும். காற்றுப்பட்டால் பால் மேல் ஆடை மாதிரி ஒரு தகடு படியும். அதைக் கலக்கிவிடாமல் எடுத்துப் போட்டுவிட வேண்டும்.

காத்திருந்த நாட்களில் சுவரைக் கவனித்தேன். கொத்தியெடுத்த செங்கல்லில் பஞ்சு மாதிரி உப்புப் பூத்திருந்தது. தூரிகையால் தட்டிவிட்டால் ஒரு வாரத்தில் மறுபடியும் பூக்கும். கொஞ்சம் சுரண்டி நீரில் போட்டேன். முழுக்கக் கரைந்தது. எவர்சில்வர் கரண்டியில் சுண்டவைத்தேன், வெள்ளைப் படலம். கரைந்த உப்பை எந்தத் துணியாலும் வடிக்க முடியாது என்று போர்டில் எழுதிப்போடுகிற நான் தூரிகையை வைத்துக்கொண்டு பதினைந்து நாள் சுவரோடு சண்டை போட்டிருக்கிறேன்.

வழி என்னவென்றால், உப்புக்கு வேறு இடத்தைக் காட்டுவது. பழைய செய்தித்தாளை ஊறவைத்துக் கூழாக அடித்து ஒரு விரல் கனத்துக்குச் சுவரில் அப்பினேன். கூழிலிருந்து ஈரம் செங்கல்லுக்குள் போய் உப்பைக் கரைத்துக்கொள்கிறது. காயும்போது நீர் வெளிப்பக்கமாக இழுபட, உப்பும் கூழுக்கு வந்து அங்கே படிகிறது. ஐந்து நாளில் காய்ந்த பிறகு பாளமாக உரித்தெடுத்தேன். நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டாம், நான் வைத்தேன், கரிக்கிறது. மூன்று தடவை இப்படிச் செய்தேன். மூன்றாவது கூழைக் கரைத்துச் சுண்டவைத்தபோது கரண்டியில் ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சவில்லை.

அடுத்து, சுற்றியிருந்த பழைய பூச்சின் ஓரங்கள். தொட்டால் பொடியாக உதிர்ந்தன. சுண்ணாம்பு அதிகமாக இருந்தால் பலமும் அதிகம் என்று நினைத்துப் பாலைத் தெளித்தேன். இரண்டே நாளில் வெள்ளைத் தகடாகப் பெயர்ந்தது. பாலில் இருக்கும் துகள் அந்த நுண்துளைக்குள் போகாது, வாசலிலேயே நின்றுவிடும். தெளிந்த நீர் போகும். ஆனால் ஒரு லிட்டரில் கரைந்திருப்பது 1.7 கிராம் சுண்ணாம்புதான். கைத் தெளிப்பானில் ஒரு தடவைக்கு ஒரு லிட்டர், ஒரு நாளைக்கு மூன்று தடவை, பத்து நாள். 30 லிட்டர் அடித்தும் சுவருக்குள் போனது 51 கிராம். ஒரு கைப்பிடிகூட இல்லை. ஆனாலும் உதிர்வது நின்றுவிட்டது.

வளவில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த பெரியாத்தா, "என்னப்பு, வெறுந்தண்ணியக் காலையிலயும் சாயங்காலமும் சொவத்துக்கு அபிஷேகம் பண்ணிக்கிட்டு இருக்க?" என்றார். வெறுந்தண்ணீர் இல்லை என்று தம்ளரில் ஊற்றி, உறிஞ்சுகுழலால் ஊதிக் காட்டினேன். ஊத ஊதப் பால் நிறமானது. "சரி சரி, தரையில சிந்தாம" என்று சொல்லிவிட்டுக் கீரைக்குத் திரும்பிவிட்டார்.

தரை விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

மணல் கொல்லையில் கிடந்தது, எப்போதோ இறக்கிய ஆற்று மணல். ஊறுகாய் ஜாடியில் 200 மில்லி மணலைப் போட்டு, நீர் ஊற்றிக் குலுக்கி வைத்தேன். மணல் உடனே அமர்ந்தது, வண்டல் இரவெல்லாம் எடுத்துக்கொண்டு மேலே தனி வரியாகப் படிந்தது. அளந்தால் 24 மில்லி. நாலு தடவை அலசிய பிறகு 5 மில்லி. முதல் இரண்டு முயற்சியிலும் இந்த மணலை அப்படியேதான் போட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அடிப்பூச்சில் சேர்க்கும் கடுக்காய்த் தண்ணீரில் ஒரு கூத்து நடந்தது. நாட்டு மருந்துக் கடையில் 250 கிராம் வாங்கி, கொட்டையை நீக்கி இடித்து, 5 லிட்டர் நீரில் ஊறப்போட்டேன். டிரம்தான் இரும்பாக இருக்கிறதே என்று இதற்கும் இரும்பு வாளி. மறுநாள் பார்த்தால் கருகருவென்று மை. அந்தக் காலத்தில் கடுக்காயும் இரும்பு உப்பான அன்னபேதியும் சேர்த்து எழுத்து மை செய்தார்கள் என்று நானே பிள்ளைகளிடம் சொன்னதுண்டு. கொட்டிவிட்டு மறுபடி மண்பானையில் ஊறவைத்தேன். ஏழு நாள் கழித்துத் தேநீர் நிறம், புளித்த வாசம். அதில் அரைக் கிலோ கருப்பட்டியைக் கரைத்து வடித்துக்கொண்டேன். வெறும் நீர் ஒரு தம்ளர், சர்க்கரைக் கரைசல் ஒரு தம்ளர் வைத்து இரண்டிலும் ஒரே அளவு சாந்தைப் போட்டுப் பார்த்தேன். சர்க்கரைத் தம்ளரில் அடியில் தங்கியது கண்ணுக்குத் தெரியும்படிக் குறைவு. இனிப்பு இருந்தால் சுண்ணாம்பு கூடுதலாகக் கரைகிறது. இந்தத் தண்ணீர் அடிப்பூச்சுக்கு மட்டும். மேல்பூச்சில் சேர்த்தால் நிறம் பழுத்துவிடும்.

மாசி முதல் வாரத்தில் கொத்தனார் வந்தார். அடிப்பூச்சு, ஒரு பங்கு சாந்துக்கு மூன்று பங்கு பருமணல், 12 மில்லிமீட்டர் கனம். சாந்தையும் மணலையும் எவ்வளவு பிசைந்தாலும் அது பலபடித்தான கலவைதான், உடைத்துப் பார்த்தால் மணல் தனியாகத் தெரியும். ஆனால் பிசைவதில் ஒரு அளவு இருக்கிறது. நான் கால் மணி நேரம் மிதித்துவிட்டுப் போதுமா என்றேன். "கரண்டியக் கவுத்தா விழக்கூடாது சார்" என்றார். முக்கால் மணி நேரம் ஆனது. புதிதாகத் தண்ணீர் ஒரு சொட்டுக்கூட விடவில்லை, மிதிக்க மிதிக்கத் தானாகவே இளகி வந்தது. ஏழு நாள் ஈரச்சாக்கு போட்டு ஆறவிட்டோம். இரண்டாவது பூச்சு சலித்த மணலில், ஒன்றுக்கு இரண்டு, 5 மில்லிமீட்டர். மணியாஸ் கட்டையால் தேய்த்து மட்டம் பிடித்தார். மூன்றாவது வெள்ளைக்கல் மாவும் சாந்தும், மாவை வேட்டித் துணியில் சலித்து வஸ்திரகாயம் செய்தது, 2 மில்லிமீட்டர்.

கடைசிப் பூச்சு முட்டை. செட்டிநாட்டு வீடு என்றாலே ஆயிரக்கணக்கில் முட்டை என்று சுற்றுலா வருகிறவர்கள் வாய் பிளப்பார்கள். 18 சதுர அடிக்கு எனக்கு ஆனது 24, அதிலும் 12 வீண். வெள்ளைக் கருவைக் கேக்குக்கு அடிக்கிற மாதிரி நுரை பொங்க அடித்து, கிளிஞ்சல் சுண்ணாம்புச் சாந்தில் சேர்த்தேன். நுரை என்பது திரவத்துக்குள் காற்று சிக்கிய கூழ்மம். அந்தக் காற்று சுவரில் ஊசித்துளைகளாக உட்கார்ந்துகொண்டது. போதாததற்கு ஒரு முட்டையில் மஞ்சள் உடைந்து கலந்திருந்தது. அந்த இடத்தில் கூழாங்கல்லை வைத்தால் வழுக்கிக்கொண்டு போகிறதே தவிர பளபளப்பு ஏறவில்லை. மாலைக்குள் வாடை வேறு. ஈரமாக இருக்கும்போதே மொத்தத்தையும் வழித்தெடுத்தோம்.

மறுநாள் மூன்று மூன்று முட்டையாக. வெள்ளைக் கருவை அடிக்காமல், மெல்லிய துணியில் போட்டு மெதுவாகப் பிழிந்தால் கட்டி உடைந்து ஒரே சீராக இறங்கும். அதில் இருக்கும் இழைகள் துணியில் தங்கிவிடும். கிளிஞ்சல் சாந்தை அம்மியில் தனியாக அரைத்து வைத்திருந்தோம். இரண்டையும் சேர்த்தால் அரை மணி நேரத்தில் இறுக ஆரம்பிக்கும், அதனால் ஒரு கிண்ணம் முடிந்த பிறகுதான் அடுத்த கிண்ணம். காகித கனத்துக்குத் தடவி, நீர் வற்றி, விரல் ஒட்டாத பதத்தில் கூழாங்கல்லால் இழைக்க வேண்டும். இந்தப் பதம் வருவதற்கு முன்னால் இழைத்தால் கல்லோடு பூச்சும் வரும், பின்னால் இழைத்தால் கீறல் விழும். கொத்தனார் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு "இப்ப" என்றார். அந்த "இப்ப" எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஓரத்தில் ஓரடியை என்னிடம் விட்டார். சுவரில் மங்கிக் கிடப்பது அந்த ஓரடிதான்.

செலவு: கல் சுண்ணாம்பு 220, கிளிஞ்சல் சுண்ணாம்பு 160, கடுக்காய் 60, கருப்பட்டி 200, வெள்ளைக்கல் மாவு 100, முட்டை 156, அரை டிரம் 600, தெளிப்பான் 350. பொருளுக்கு 1,846 ரூபாய். கொத்தனார் நாலு நாள், 1,100 வீதம் 4,400. மொத்தம் 6,246, சதுர அடிக்கு 347. முதல் இரண்டு முயற்சியின் கணக்கை இதில் சேர்க்கவில்லை, பங்காளிகளிடமும் சொல்லவில்லை. பத்துக் கிலோ கல்லில் 22 லிட்டர் சாந்து கிடைத்தது. பாதிக்கு மேல் டிரம்மில் தண்ணீருக்கடியில் மிச்சம் இருக்கிறது. வருடக்கணக்கில் கெடாது, வயதாக ஆக நல்லது.

அடுத்த தடவை சுண்ணாம்பை ஐப்பசியிலேயே தாளித்துவிட்டு மார்கழியில் பூசுவேன். மாசிக் காற்று சுவரைச் சீக்கிரம் உலர்த்திவிடுகிறது. இரண்டாவது பூச்சில் முடி மாதிரி இரண்டு விரிசல் வந்தது அதனால்தான். காகிதக் கூழை முதல் நாளே அப்புவேன். கப்பி எடுக்கக் கொசுவலைக்குப் பதில் நுண்ணிய சல்லடை வேண்டும். கூழாங்கல் இரண்டு அளவில் வேண்டும், மூலைக்குப் பெரிய கல் போகாது.

இப்போது தரை. டிரம்மை முதல் வாரம் வளவின் ஓரத்தில் ஆத்தங்குடிக் கல் மேலேயே வைத்திருந்தேன். அடியில் கசிந்து, எடுத்துப் பார்த்தால் வெள்ளை வளையம். தேய்த்தேன், போகவில்லை. சுண்ணாம்புக்கு எலுமிச்சைதானே என்று பாதி மூடியைப் பிழிந்தேன். நுரைத்தது, வெள்ளை போனது, கூடவே கல்லின் பளபளப்பும் போனது. ஆத்தங்குடிக் கல் சிமெண்டில் செய்வது, அமிலத்துக்கு அதுவும் சுண்ணாம்பும் ஒன்றுதான். கண்ணாடித் தகட்டின் மேல் வார்த்து வரும் அந்த மினுக்கு இனி எப்படித் தேய்த்தாலும் திரும்பாது. பெரியாத்தா குனிந்து பார்த்தார், என்னைப் பார்த்தார், இரண்டாம் கட்டுக்குள் போனார். ஒரு பித்தளைக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்து அந்த வளையத்தின் மேல் வைத்தார். குடம் இன்னும் அங்கேதான் இருக்கிறது.